6. பதின்மூன்றாவது கயிறு

எலிகளுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது. பகல் பன்னிரண்டுக்கு இருபத்து நான்கு எலிகளையும் வாயு செலுத்திக் கொன்று, கூண்டுகளைக் கொதிநீரில் கழுவி, அறையைப் பூட்டிவிட வேண்டும் என்பது மூளை ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவர் பேராசிரியர் காதேவின் உத்தரவு. அதில் வட்ட முத்திரை விழுந்திருந்தது. ப்ளோவ்திவ் நகரத்தில் வட்ட முத்திரை விழுந்த காகிதத்தோடு யாரும் வாதம் செய்வதில்லை.

இஸ்க்ரா தோமொவா அதை இரண்டு முறை படித்துவிட்டு மேஜையில் வைத்தாள். எல்லைச் சுங்கச் சாவடியில் பதினாறு வருடம் லாரிக்காரர்களின் பொய்களைக் கேட்டுச் சலித்துப்போய், வேலையை விட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அவள். எதிரே, அவளை அந்தக் கூடத்துக்குக் கூப்பிட்டனுப்பிய ஆராய்ச்சியாளர் டாக்டர் வியாரா உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது. கண்ணுக்குக் கீழே கருவளையம். மேஜையில் ஒரு துரும்புகூட இடம் மாறியிருக்கவில்லை.

இஸ்க்ராவின் உதவியாளன் மிஞ்சோ ஜன்னலோரம் நின்று சூடான பனித்ஸா அப்பம் தின்றுகொண்டிருந்தான். பாலாடைக்கட்டி விரலில் வழிந்தது. அவனுடைய வலது காதுக்குப் பின்னால், முடிக்கு அடியில், சின்னதாக ஒரு மேடு தெரியும். பிறந்ததிலிருந்தே அவன் மூளைக்குள் நீர் வடியாமல் தேங்கும். மண்டையோட்டில் துளையிட்டு, தோலுக்கு அடியிலேயே வயிறு வரை ஒரு குழாய் இறக்கியிருந்தார்கள். குழாய் அடைத்துக்கொள்ளும். திறந்து மாற்றுவார்கள். இருபத்தாறு வயதுக்குள் ஆறு ஆபரேஷன் ஆகிவிட்டது.

"மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க டாக்டர்," என்றாள் இஸ்க்ரா. "எனக்கில்ல, இவனுக்கு. சாப்பிடும்போது இவனுக்குக் காது கேக்காது."

"குழாய் காதுப் பக்கமா போகுது பாஸ். டிராஃபிக் ஜாஸ்தி," என்றான் மிஞ்சோ.

வியாரா சிரிக்கவில்லை.

"மூளை ஒரு நாளைக்கு அரை லிட்டர் நீர் சுரக்குது. வடிய வழியில்லன்னா தேங்கும். இதுவரைக்கும் குழாய் ஒண்ணுதான் வைத்தியம். சுரக்கறதையே மருந்தால குறைக்க முடியுமான்னு பதினோரு வருஷமா பாக்கறேன். நாப்பது மருந்து தோத்துப்போச்சு. நாப்பத்தொண்ணாவது ஜெயிச்சுது. போன வருஷம், ஆறு எலில. உடனே ஜனவரில காதேவ் டிவில போய் உக்காந்து 'என் மருந்து'ன்னார்."

"அப்புறம் பெரிய சோதனை."

"இருபத்து நாலு எலி. பொறவிலயே மண்டைல நீர் கோக்கிற ஜாதி. பன்னண்டுக்கு மருந்து கலந்த தண்ணி, பன்னண்டுக்கு வெறும் தண்ணி. வேற கட்டடத்துல கலந்து, பாட்டில்ல நம்பர் மட்டும் போட்டு அனுப்புவாங்க. எந்த நம்பர் மருந்துன்னு எங்க யாருக்கும் தெரியாது. பட்டியல் ஒட்டின கவருக்குள்ள. மார்ச் பதினஞ்சோட மருந்து முடிஞ்சுது. பதினெட்டாம் தேதி மூளை ஸ்கேன். இந்த திங்கக்கிழம கவரைப் பிரிச்சோம்." வியாரா பேனாவை நேராக்கி வைத்தாள். "மருந்து குடிச்சதுக்கும் குடிக்காததுக்கும் வித்தியாசமே இல்ல."

மிஞ்சோ மெல்லுவதை நிறுத்தினான். "அப்ப என் மண்டைல ஏழாவது ஓட்டை கன்ஃபர்ம்."

"மருந்து தோக்கல. யாரோ எலியை மாத்தியிருக்காங்க. கூண்டு அட்டை, வால்ல எழுதின நம்பர், ரெண்டையும். பதினாறாம் தேதி, ஞாயித்துக்கிழம. கட்டடத்துல யாருமே இல்லாத சாயங்காலம் நாலு பத்துக்கு எலி ரூம் திறந்திருக்கு." ஒரு தாளை நகர்த்தினாள். "கதவைத் திறந்தது காதேவோட கார்டு."

"தன்னோட மருந்தை அவரே ஏன் கெடுக்கணும்?"

"என்னை வெளிய தள்ள. இதையும் படிங்க. செவ்வாய்க்கிழம அமைச்சகத்துக்கு எழுதினது."

இஸ்க்ரா உரக்கப் படித்தாள். "'நாற்பத்தொன்றாம் எண் மருந்து முழுக்க முழுக்க டாக்டர் வியாரா ஸ்தஞ்சேவாவின் யோசனை. அதில் எனக்கு எக்காலத்திலும் பங்கு இருந்ததில்லை. என் பெயரை அதிலிருந்து நிரந்தரமாக நீக்குமாறு வேண்டுகிறேன்.'"

அமைச்சகத்தின் வரவு எண், தேதி, முத்திரை எல்லாம் சரியாக இருந்தன.

"ஜெயிச்சா பெத்த அப்பன், தோத்தா பக்கத்து வீட்டுக்காரனா?" என்றான் மிஞ்சோ. "மாத்தினது அந்த ஆளுதான்னு தெரியட்டும் பாஸ். அவர் மண்டைல நானே ஒரு ஓட்டை போடறேன். எங்க போட்டா வலிக்கும்னு எனக்குத் தெரியும்."

"அவர் மானம் போகணும்," என்றாள் வியாரா. குரல் உயரவில்லை. "எனக்கு அது போதும். கார்டு விவரம் பத்தும் இல்லையா?"

"பாக்கறேன்."

வியாரா கோப்பை மூட ஸ்வெட்டர் கையை மேலே இழுத்துவிட்டாள். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. மார்ச் முதல் தேதி ஊரே சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய மார்த்தெனித்ஸா கயிற்றைக் கட்டிக்கொள்ளும், வருடம் முழுக்க உடம்பு நன்றாக இருக்கட்டும் என்று. பூத்த மரத்தையோ நாரையையோ பார்க்கும் வரை அதைக் கழற்றுவதில்லை. பார்த்ததும் ஒன்று வேண்டிக்கொண்டு, மரமானால் கிளையில் கட்டுவார்கள், நாரையானால் கல்லுக்கு அடியில் வைப்பார்கள். மிஞ்சோவின் கையில் அது இன்னும் இருந்தது, பனித்ஸா எண்ணெயோடு.

"அதுக்குள்ள கழட்டிட்டீங்களா டாக்டர்?"

"பசார்ஜிக் ரோட்டுல நாரை பார்த்தேன். கல்லுக்கு அடியில வெச்சுட்டேன்."

"குடுத்து வெச்சவங்க. நான் வீடு விட்டா ஆபீஸ், ஆபீஸ் விட்டா ஆஸ்பத்திரி. எனக்கு எங்கேர்ந்து நாரை வரும்?"

* * *

எலி அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. மரத்தூளும் மூத்திரமும் கலந்த வாடை. எண் வரிசையில் இருபத்து நான்கு கூண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை எலி. சிலவற்றின் நெற்றி மட்டும் குமிழ் போல உப்பியிருந்தது.

மிஞ்சோ குனிந்து ஒன்றைப் பார்த்தான். அது அவனைப் பார்த்தது.

"சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு பாஸ்."

"தொடாதே தம்பி!" மூலையிலிருந்து ஒரு துடைப்பம் வந்தது. அதன் பின்னால் ஓர் அம்மாள் வந்தாள். அறுபது வயதிருக்கும், மிஞ்சோவின் மார்பு உயரம்தான். எலிகளுக்குத் தீனி போட்டுக் கூண்டு சுத்தம் செய்யும் பென்கா அத்தை. "சாகப் போற புள்ளைங்கள கடைசி நேரத்துல நிம்மதியா விடுங்க."

"சாக விடக்கூடாதுன்னுதான் வந்திருக்கோம்," என்றாள் இஸ்க்ரா. "பென்கா அத்தை, போன மாசம் இங்க ஏதாச்சும் வித்தியாசமா நடந்துதா?"

"என்னைய யாரு கேட்டா?"

"நான் கேக்கறேன்."

பென்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். இதைக் கேட்க ஓர் ஆள் வருவதற்காக ஒரு மாதமாகக் காத்திருந்தவள் போல மூச்சு விட்டாள்.

"மரத்தூளு ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாத்தினா போதும்மா. ஆனா இதுல பன்னண்டு கூண்டு தினம் தினம் நனைஞ்சு ஊறிப் போயிடும். என்னா மூத்திரம், என்னா மூத்திரம்! மத்ததெல்லாம் காய்ஞ்சு கெடக்கும். அந்தப் பன்னண்டுக்கும் ஏதோ சீக்குன்னு நெனச்சேன். டாக்டருங்ககிட்டச் சொன்னா, 'உன் வேலையப் பாரு'ன்னுடுவாங்க. நான் என்ன பண்ண? மார்ச் ஒண்ணாந்தேதி அந்தப் பன்னண்டு கூண்டு மூடியிலயும் ஆளுக்கொரு கயிறு கட்டிவிட்டேன். உடம்பு தேறட்டும்னு."

மிஞ்சோ மெதுவாக நிமிர்ந்தான்.

"பாஸ். எனக்கு எட்டு வயசுல ஒரு மருந்து குடுத்தாங்க. தலைநீர் குறையும்னு. தலைல குறைஞ்சுதோ இல்லையோ, இஸ்கூல்ல பாதி நாள் டாய்லெட்லதான் உக்காந்திருந்தேன். டீச்சர் எனக்குன்னு தனிச் சாவியே குடுத்துட்டாங்க."

"இதுவும் அந்த வகைதானா?"

"சொந்தக்காரங்கன்னு சொன்னேன்ல."

இஸ்க்ரா கூண்டுகளைப் பார்த்தாள். "அப்ப நனைஞ்ச பன்னண்டும்தான் மருந்து குடிச்ச பன்னண்டு. கவரைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"எனக்கு என்னம்மா தெரியும்? ஈரம்தான் தெரியும்," என்றாள் பென்கா.

"அந்தக் கயிறெல்லாம் எங்க?"

"அதைத்தானே நானும் கேக்கறேன்! பதினாலாந்தேதி முதுகு புடிச்சுகிட்டு லீவு போட்டேன். ஒரு வாரம் கழிச்சு வந்து பாக்கறேன், ஒரு கயிறு இல்ல. ஸ்கேனுக்குத் தூக்கிட்டுப் போயி கூண்டையெல்லாம் நம்பர் வரிசையில அடுக்கி வெச்சுட்டாங்க. மருந்தும் நின்னுபோச்சு, எல்லாம் ஒண்ணுபோல காய்ஞ்சு கெடக்கு. எது எதுன்னு எனக்கே தெரியல."

இஸ்க்ரா மிஞ்சோ பக்கம் திரும்பினாள். "எது மருந்து எலின்னு தெரியாம கண்ணை மூடிகிட்டு மாத்தினா பிரயோஜனம் இல்ல. பாதி தானா சரியா அமைஞ்சுடும். ஆனா ஈரக் கூண்டா பார்த்துக் கட்டின கயிறு காட்டிக் குடுத்துது. கயிறு இருக்கற ஆறு கூண்டு அட்டையை எடுத்து, இல்லாத ஆறுல சொருகினா போதும். வால்ல நம்பரை அழிச்சு எழுதினா போதும். வித்தியாசம் காணாம போயிடும். அப்புறம் அந்தக் கயிறு இங்க இருக்கக்கூடாது."

"இவங்க பாசமா கட்டினதை எவனோ வழிகாட்டிப் பலகையா வெச்சுகிட்டான்."

"கயிறு குப்பைக்குத்தான் போயிருக்கும்," என்றாள் பென்கா.

"நீங்க என்னிக்காவது உங்க கயிறைக் குப்பைல போட்டிருக்கீங்களா அத்தை?"

பென்கா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். "கை விளங்காமப் போயிடும்!"

"நீ மிஞ்சோ?"

"ஆறு ஆபரேஷன் பாஸ். நான் அந்த ரிஸ்க்கெல்லாம் எடுக்கறதில்ல."

"எலியை மாத்தினவரும் இந்த ஊர்தானே?" என்றபடி இஸ்க்ரா படியேறினாள். "இந்த வளாகத்துல பூத்த மரம் எங்க இருக்கு?"

* * *

ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பின்முற்றத்தில், ஆக்சிஜன் உருளைகள் அடுக்கிய கொட்டகைக்குப் பக்கத்தில், ஒரு காட்டு ப்ளம் மரம். பூ முக்கால்வாசி உதிர்ந்து இலை விட ஆரம்பித்திருந்தது. வாசல் பக்கக் கிளைகளில் ஊழியர்கள் கட்டிய கயிறுகள் அங்கங்கே ஆடின. இஸ்க்ரா அவற்றைப் பார்க்கவில்லை. மரத்தைச் சுற்றிக் கொட்டகைப் பக்கம் போனாள்.

அங்கே, ஜன்னல்களிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு கிளையில், கொத்தாகக் கட்டியிருந்தது.

மிஞ்சோ ஒரு பெட்டி மேல் ஏறினான். "ஒண்ணு, ரெண்டு... எல்லாம் ஒரே மாதிரி இருக்கு பாஸ். பொடி கயிறு. நுனியெல்லாம் கடிச்சுக் கொதறியிருக்கு."

"எலிப் பல்."

"பதினொண்ணு, பன்னண்டு." அவன் கை நின்றது. "பதிமூணு."

"சரியா எண்ணு."

"சரியாத்தான் எண்றேன். பதிமூணாவதை எதுவும் கடிக்கல. நீளமா இருக்கு. மனுஷக் கை அளவு. ஒரு பச்சைக் கண்ணாடி மணி வேற கோத்திருக்கு."

இஸ்க்ரா பதின்மூன்றையும் அவிழ்த்து ஒரு கவரில் போடச் சொன்னாள்.

"என்ன நடந்துதுன்னு தெரியுதா?" என்றாள். "வேலை முடிஞ்சுது. கைல பன்னண்டு கயிறு. வெளிய வந்தா மரம் பூத்து நிக்குது. சின்ன வயசுலேர்ந்து பழகின கை, அதுபாட்டுக்குக் கிளைக்குப் போயிடுச்சு. எலியோடதை ஒவ்வொண்ணா கட்டியாச்சு. அப்புறம் தன் மணிக்கட்டுல ஒண்ணு இருக்கேன்னு ஞாபகம் வந்திருக்கு."

"இந்த மாதிரி வேலை பண்ணிட்டு, நின்னு வேண்டிகிட்டுமா போவாங்க?"

"தப்புன்னு தோணியிருந்தா பண்ணியிருக்கவே மாட்டாங்களே."

மிஞ்சோ தன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான். பூத்த மரத்தையும் பார்த்தான்.

"கட்டலையா?" என்றாள் இஸ்க்ரா.

"பன்னண்டு மணி ஆகட்டும். என்ன வேண்டிக்கறதுன்னு அப்பதான் தெரியும்."

கீழே போய்ப் பச்சை மணியைப் பென்காவின் உள்ளங்கையில் வைத்தார்கள். அவளுடைய முகம் மலர்ந்தது.

"இது நான் முறுக்கினதுதான்! இங்க வேலை பாக்கற எல்லாருக்கும் நான்தான் குடுப்பேன். ஆளுக்கொரு கலர் மணி. எலிக்கு மட்டும் மணி கெடையாது, முழுங்கித் தொலைச்சிடும்."

"பச்சை யாருக்குக் குடுத்தீங்க அத்தை?"

பென்கா வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

மிஞ்சோ கையிலிருந்த மெஷின் காபியைக் கீழே வைத்தான். காது மேட்டை விரலால் தடவிக்கொண்டே நின்றான்.

"ஓட்டை போடறேன்னியே?" என்றாள் இஸ்க்ரா.

"இப்பவே மேல போறேன் பாஸ்."

"போகாதே. முதல்ல எலி. அப்புறம் ஆள். நீ வாயைத் திறந்தா எலி செத்துடும்."

* * *

பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது காதேவ் வந்தார். உயரமான மனிதர். தங்கக் கடிகாரம், அதன் பக்கத்தில் மணிக்கட்டிலேயே மார்த்தெனித்ஸா, நீல மணியோடு. பின்னால் வாயு உருளையைத் தள்ளிக்கொண்டு ஒருவன் வந்தான். கடைசியாக வியாரா வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"யாரு இவங்க?" என்றார் காதேவ்.

"துப்பறியறவங்க," என்றான் மிஞ்சோ. "நான் எலிப் பக்கத்துச் சொந்தம்."

"ப்ரொஃபசர், பதினாறாம் தேதி உங்க கார்டு இந்தக் கதவைத் திறந்திருக்கு," என்றாள் இஸ்க்ரா.

"என் கார்டு என் கோட்டுல இருக்கும். கோட்டு ஸ்டாண்டுல தொங்கும். இந்தக் கட்டடத்துல காபி ரூமைத் திறக்கறவன் எல்லாம் அதைத்தான் எடுத்துட்டுப் போறான். அதுல என்ன துப்பு?"

"ஆமாம், அதுல துப்பு இல்ல. பென்கா அத்தை, கூண்டு மூடியை எப்பக் கழுவுவீங்க?"

"மாசத்துக்கு ஒருக்கா. இன்னிக்குத்தான், எல்லாத்தையும் கழுவிட்டு..." அவள் முடிக்கவில்லை.

"இன்னும் கழுவலை. நல்லது." இஸ்க்ரா முதல் கூண்டின் கம்பி மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இரண்டு கம்பிகள் சேரும் மூலையில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், ஒரு சிவப்புப் பஞ்சிழை சிக்கியிருந்தது. "மாத்தினவர் அட்டையை மாத்தினார். வாலை அழிச்சு எழுதினார். எலியும் மூடியும் அதே இடத்துல இருந்துது. முடிச்சை அவிழ்த்தவருக்கு இந்த நூலு கண்ணுல படல."

எல்லா மூடிகளையும் தூக்கிப் பார்த்தார்கள். பன்னிரண்டில் சிவப்பு இழை. பன்னிரண்டில் எதுவும் இல்லை.

"இந்தப் பன்னண்டும் மருந்து காலத்துல நாள் தவறாம நனைஞ்ச கூண்டு. மருந்து போனது இதுங்களுக்குத்தான். ஸ்கேன் பட்டியலை எடுத்துட்டு வந்திருக்கேன். அதுல இருக்கறது இப்ப இருக்கற அட்டை நம்பர்தான். மிஞ்சோ, இழை இருக்கற கூண்டு நம்பரை மட்டும் படி."

"ரெண்டு."

"மூளைக்குள்ள நீர் கொஞ்சம்."

"அஞ்சு."

"கொஞ்சம்."

"ஆறு."

"கொஞ்சம்."

மிஞ்சோவின் குரல் ஏழாவது நம்பரில் கரகரத்தது. பன்னிரண்டாவதைப் படித்தபோது ஏறக்குறைய கத்தினான். பன்னிரண்டுக்கும் அதே பதில். மீதிப் பன்னிரண்டையும் படித்தான். எல்லாவற்றிலும் நீர் நிறைந்து ததும்பிக்கொண்டிருந்தது.

அறையில் எலிகள் தீனி கொறிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"வேலை செய்யுது," என்றான் மிஞ்சோ. யாரிடமும் சொல்லவில்லை.

"ஒரு சந்தேகமும் வேண்டாம்னா இன்னும் ரெண்டு வாரம் வேணும்," என்றாள் இஸ்க்ரா. "மருந்து நின்னுடுச்சு. இனிமே இந்தப் பன்னண்டுக்கும் மண்டை உப்பும். திரும்பக் குடுத்தா வடியும். எலி உயிரோட இருந்தாத்தான் அதைப் பாக்க முடியும். ரத்து உத்தரவு வேணும் ப்ரொஃபசர்."

காதேவின் முதுகு நிமிர்ந்திருந்தது. வந்தபோது இருந்த மனிதர் இல்லை. சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்து, அதன் மேல் ஊதி, இஸ்க்ரா தட்டச்சு செய்து நீட்டிய படிவத்தில் குத்தினார். கையெழுத்துப் போட்டார். வாயு உருளைக்காரனைப் பார்த்து, "போயிட்டு வாப்பா," என்றார். பிறகு படிவத்தில் கடைசியாக இருந்த கோட்டுக்கு வந்தார். *மருந்து குடித்த எலிகளை அடையாளம் கண்டவர்* என்று அச்சிட்டிருந்தது.

"நான் அன்னிக்கே டிவில சொன்னேன்," என்றார். "என் மருந்து..."

"ஒரு நிமிஷம் ப்ரொஃபசர்." மிஞ்சோ ஒரு காகிதத்தை விரித்தான். "'அதில் எனக்கு எக்காலத்திலும் பங்கு இருந்ததில்லை. என் பெயரை அதிலிருந்து நிரந்தரமாக நீக்குமாறு வேண்டுகிறேன்.' நிரந்தரமாகங்கறதுக்குக் கீழ கோடு போட்டது நீங்கதானே?"

காதேவின் பேனா காற்றில் நின்றது.

"அது... அதைத் திரும்ப வாங்கிக்கலாம்."

"வரவு எண் விழுந்துடுச்சுங்களே," என்றான் வாயு உருளைக்காரன். அவன் இன்னும் போயிருக்கவில்லை. "எண் விழுந்தா விழுந்துதுதான். என் மச்சான் ஓய்வூதியக் காகிதம் அப்படித்தான் போச்சு."

அப்போதுதான் வியாரா சிரித்தாள். கதவிலிருந்து நிமிர்ந்து, அறையைக் கடந்து வந்து, காதேவின் விரல்களிலிருந்து பேனாவை எடுத்தாள். அவர் தடுக்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே, நிதானமாகக் குனிந்து, அந்தக் கோட்டின் மேல் பேனாவை வைத்தாள்.

மிஞ்சோ கவரைக் கவிழ்த்தான். பன்னிரண்டு கொதறிய கயிறுகள் படிவத்தின் மேல் விழுந்தன. பதின்மூன்றாவதை எடுத்துத் தனியாக, பேனா முனைக்குப் பக்கத்தில் வைத்தான். பச்சை மணி உருண்டு நின்றது.

"நாரை பசார்ஜிக் ரோட்டுல இல்ல டாக்டர். இங்கயே கொட்டகைக்குப் பின்னாடிதான்."

சிரிப்பு நின்றது. வியாரா மணியைப் பார்த்தாள். பிறகு பென்காவைப் பார்த்தாள். பென்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"காலைலேர்ந்து எங்கிட்ட எவ்வளவோ கேட்டீங்க," என்றாள் இஸ்க்ரா. "காதேவ் மானம் போகணும்னீங்க. கார்டு பத்துமான்னீங்க. பதினோரு வருஷ உழைப்பு பன்னண்டு மணிக்குச் சாகப்போகுது. அந்த எலிகளைக் கொல்லாம நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை. எனக்கு அதுதான் முதல்ல உறுத்துச்சு."

வியாரா பேனாவை மூடினாள். மறுக்கவில்லை.

"தோத்த நாப்பதுக்கும் என் பேரு," என்றாள். "ஜெயிச்ச ஒண்ணுக்கு அவர் பேரு. கட்டுரைல கடைசிப் பக்கம் நன்றின்னு ஒரு பட்டியல். அதுல காபி மெஷின் ரிப்பேர் பண்ணினவனுக்கு அடுத்தது நான். ஊரே பாக்க டிவில பெருமை பேசினவர், ஊரே பாக்கத் தோக்கணும். அவ்ளோதான் நெனச்சேன். ஆனா அவர் இந்தக் கடிதாசியைப் போட்டுத் தப்பிச்சுட்டார். அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன். மாத்தினதும் அவர்தான்னு ஆயிட்டா..." நிறுத்தினாள். "மருந்து எங்கயும் போயிடாது. ரெண்டு வருஷத்துல என் பேர்ல திரும்பச் செஞ்சிருப்பேன்."

"ரெண்டு வருஷம்," என்றான் மிஞ்சோ. "எனக்கு ஒரு ஓட்டை. அதை விடுங்க, எனக்குப் பழகிடுச்சு. ஆஸ்பத்திரில நான் படுக்கற வார்டுல ஒரு வயசு, ரெண்டு வயசுக் குட்டிங்க இருக்கு. அதுங்களுக்கு உடம்பு வளரும், குழாய் வளராது. ரெண்டு வருஷத்துல அதுங்களுக்கு எத்தனை ஓட்டைன்னு என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும்."

வியாரா பச்சை மணியை விரலால் உருட்டினாள்.

"மரத்துல கட்டும்போது ஒண்ணு வேண்டிக்கணும் இல்லையா," என்றான். "நீங்க என்ன வேண்டிகிட்டீங்க?"

வியாரா மணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "இந்த மருந்துல அந்த ஆளோட பேரு இருக்கக்கூடாதுன்னு."

மிஞ்சோ அமைச்சகத்து முத்திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"செவ்வாய்க்கிழமையே பலிச்சுடுச்சு டாக்டர். உங்க கோப்புலயேதான் வெச்சிருந்தீங்க. அப்பவே கார்டைப் பத்தி பேசறதை விட்டுட்டு எலியைக் காப்பாத்தியிருந்தா, இந்தக் கோட்டுல உங்க பேரு இருந்திருக்கும்."

காதேவ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஏதோ எழுதியிருப்பது போல. பதினொரு வருடம் ஒருவரை ஒருவர் வெறுத்த இருவரும் ஒரே படிவத்தின் இரண்டு பக்கத்தில் நின்றார்கள். கோடு காலியாக இருந்தது.

இஸ்க்ரா பேனாவை எடுத்தாள்.

"பென்கா அத்தை, உங்க முழுப் பேரு என்ன?"

பென்கா பின்வாங்கினாள். "எதுக்கும்மா? நான் என்ன பண்ணேன்? கயிறு கட்டினதுக்குக் கேஸா?"

"ஆமா அத்தை, பெரிய கேஸு," என்றான் மிஞ்சோ. தன் மணிக்கட்டுக் கயிற்றைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டே, காதேவுக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னான்: "டிவில வரும்."